பழைய ஆர்எக்ஸ் 100-ஐப் பந்தயத் தடத்திற்குத் தயார் செய்தல்: முழுமையான வழிகாட்டி

1985 முதல் 1996 வரை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த யமஹா ஆர்எக்ஸ் 100, தெருவில் எவ்வளவு பெயர் வாங்கியதோ அதற்குக் குறையாமல் பந்தயத் தடத்திலும் வாங்கியது. சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த கடைசி ஆண்டுகளிலும், 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும், பிறகு கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் இந்த வண்டியில் பழகியவர்கள் பலர். 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 98 சி.சி., நிமிடத்திற்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன், நூறு கிலோவைச் சற்றே தாண்டும் எடை. இந்தக் கணக்கு இன்றும் கற்றுக்கொள்பவருக்குப் போதுமானது.

இந்த இன்ஜினிலிருந்து கூடுதல் வேகத்தைக் கறப்பது கடினமன்று. கறந்த வேகத்தோடு இருபது நிமிடம் தொடர்ந்து ஓடவைப்பதுதான் கடினம். தடத்தில் நின்றுபோகும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பெரும்பாலானவை சக்தி குறைவால் நிற்பதில்லை. எங்கோ காற்று கசிகிறது, எங்கோ இடைவெளி தவறாக இருக்கிறது, அல்லது பெட்ரோல் கலவை மெலிந்துவிடுகிறது, அதாவது காற்றுக்குத் தேவையான பெட்ரோல் வருவதில்லை. ஆகவே இந்த வழிகாட்டியின் வரிசையும் அப்படியே அமைந்துள்ளது: முதலில் காற்று புகாத அடிப்பாகம், பிறகு சரியான அளவில் பிளாக்கும் (சிலிண்டர்) பிஸ்டனும், பிறகு எரிபொருள், சக்தியைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னர்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

தடத்திற்கு மட்டும்தானே என்று ஆர்.சி. புத்தகம் இல்லாத வண்டியை வாங்க வேண்டாம். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆவணத்தோடு பொருந்துகின்றனவா, எண்ணைத் தேய்த்து மறுபடி அடித்த தடயம் இருக்கிறதா என்பதை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். திருட்டு வண்டிகளின் பாகங்கள் அதிகம் புழங்கும் மாடல் இது. வெளியே பளபளக்கும் மறுசீரமைப்பு வண்டியை விட, பெயின்ட் மங்கி, யாரும் கைவைக்காமல் கிடக்கும் வண்டியே நமக்கு உகந்தது. அழகுக்குக் கொடுக்கும் பணம் தடத்தில் உதவாது. விளக்கு, இண்டிகேட்டர், மட்கார்டு, ஸ்டாண்ட் எல்லாவற்றையும் எப்படியும் கழற்றப்போகிறோம். கழற்றிய பிறகு அது சாலைக்கு உரிய வண்டியன்று; தடத்திற்கு டெம்போவில் ஏற்றிச் செல்வதே முறை.

பார்க்க வேண்டியவை மூன்று. கிராங்க் கேஸில் (இன்ஜினின் அடிப்பெட்டி) செயின் அறுந்து அடித்த விரிசலோ வெல்டிங்கோ இருக்கக் கூடாது. பிளாக்கின் குளிர்த் தகடுகள் உடைந்திருக்கக் கூடாது. பிளாக் இதுவரை எத்தனை முறை போர் போடப்பட்டது, அதாவது தேய்ந்த துளை அகலமாகக் கடையப்பட்டது என்பதை பிஸ்டன் தலையில் பொறித்திருக்கும் எண் சொல்லும்: 25, 50, 75, 100 என்பவை முறையே கால், அரை, முக்கால், ஒரு மில்லிமீட்டர் கூடுதல் அளவுகள். 100 என்று இருந்தால் அந்த பிளாக்கின் ஆயுள் முடியும் நிலையில் உள்ளது; ஸ்லீவ் (பிளாக்கின் உள்ளுறை) மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

இன்ஜினைப் பிரித்தல்

பக்க மூடிகளின் திருகுகள் ஜப்பானியத் தர வடிவம் கொண்டவை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருகினால் தலை வழுக்கிப் பள்ளமாகிவிடும். பழைய ஆர்எக்ஸ்களில் உளியால் அடித்துக் கழற்றிய திருகுகளைக் காண்பதற்கு இதுதான் காரணம். சரியான முனையுடன் கூடிய இம்பாக்ட் டிரைவர் ஒன்று முதல் செலவாக இருக்கட்டும். கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) முனையில் சுழலும் காந்தச் சக்கரமான மேக்னட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டிக் கழற்றினால் கிராங்க் வளைந்துவிடும், அதன் பிறகு எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் அதிர்வு போகாது.

பிரிக்கும்போதே பிஸ்டனைப் படிக்கப் பழகுங்கள். பழைய பிஸ்டன் அந்த இன்ஜினின் நோய்க் குறிப்பேடு. சைலன்சர் பக்கம் மட்டும் உரசல் கோடுகள் இருந்தால், மெலிந்த கலவை, எண்ணெய்க் குறைவு, அதிகச் சூடு ஆகியவற்றில் ஒன்று. நான்கு மூலைகளிலும் செங்குத்தான உரசல்கள் இருந்தால், இன்ஜின் சூடேறும் முன் முறுக்கியிருக்கிறார்கள், அல்லது இடைவெளி போதவில்லை. பிஸ்டன் தலையின் விளிம்பு மணல் அரித்ததுபோல் இருந்தால் இன்ஜின் வெடிப்புத் தட்டலில் (கலவை தானாகப் பற்றி வெடிப்பது) ஓடியிருக்கிறது. பார்த்ததைப் படமெடுத்து வையுங்கள். எந்தக் குறையை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பது அதில்தான் தெரியும்.

கிராங்க்கும் அடிப்பாகமும்

அதிக நேரத்தையும் பொறுமையையும் இங்கேதான் செலவிட வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் கேஸ் எண்ணெய்த் தொட்டி. டூ-ஸ்ட்ரோக்கில் அதுவே காற்றுப் பம்பு. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் பிஸ்டனுக்கு அடியில் வந்து அழுத்தம் பெற்ற பிறகே மேலே ஏறுகிறது. எனவே கீழே ஏற்படும் ஒவ்வொரு சிறு கசிவும் கலவையை மாற்றுகிறது.

பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் கிட்டை மாற்றிவிடுவதே நல்லது. இந்தக் கிராங்க் பாகங்களாக அழுத்திச் சேர்க்கப்பட்டது என்பதால், பின்னை வெளியே தள்ளிப் புதிதாக அழுத்த ஹைட்ராலிக் பிரஸ்ஸும், சேர்த்த பின் நேர்செய்யத் தெரிந்த கையும் வேண்டும். லேத் பட்டறையிலிருந்து வாங்கும்போது, இரண்டு முனைகளிலும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் 0.03 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். தடத்திற்கு நான் 0.02-ஐக் கேட்பேன். காட்ட மறுக்கும் பட்டறையில் கொடுக்காதீர்கள்.

மெயின் பேரிங்குகள் சி3 இடைவெளி கொண்டவையாக இருக்கட்டும். சூட்டில் விரிவடையும்போது அந்தக் கூடுதல் இடைவெளி தேவைப்படும். கேஸை அடுப்பில் 100 பாகைக்குச் சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்திருந்து போட்டால் அது ஏறக்குறைய தன் எடையிலேயே இறங்கிவிடும். சமையலறை அடுப்பைப் பயன்படுத்தினால் கேஸை முதலில் எண்ணெய் வாடை போகக் கழுவிவிடுங்கள். வீட்டில் சமாதானம் முக்கியம்.

இரண்டு பக்க ஆயில் சீல்களும் ஒரே குற்றத்தைச் செய்வதில்லை. வலப்புறச் சீல் போனால் கிளட்ச் பக்கத்து கியர் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு வெண்புகை வரும்; எண்ணெய் அளவு குறையும்; பிளக் ஈரமாகும். தொல்லைதான், ஆனால் எச்சரிக்கை தந்துவிட்டுச் செய்யும் தொல்லை. இடப்புறம், மேக்னட்டுக்குப் பின்னால் உள்ள சீல் போனால் வெறும் காற்று உள்ளே வரும். புகை இல்லை, கசிவு தெரியாது, வண்டி முன்பைவிடச் சுறுசுறுப்பாகக்கூட ஓடும். பிறகு நேர்ப்பாதையின் முடிவில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். என் முதல் இன்ஜின் இப்படித்தான் நின்றது. நல்லது என்று கொடுக்கப்பட்ட போலிச் சீலின் உதடு மூன்றே மாதத்தில் கெட்டியாகியிருந்தது. அன்றிலிருந்து ஒரு விரல் எப்போதும் கிளட்ச் லீவர் மேல் இருக்கிறது, சீலை உறை பிரிக்காத நிலையில் மட்டுமே வாங்குகிறேன். சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய பாகங்கள் கிடைக்கும். கேஸ், ஹப், ஃபோர்க் குழாய் போன்றவற்றுக்கு அது நல்ல இடம். ஆனால் சீல், பேரிங், பிஸ்டன், சர்க்ளிப் (பிஸ்டன் பின்னை நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம்) ஆகிய நான்கையும் பழையதாக வாங்கவே கூடாது.

கேஸின் இணைப்பு முகத்தில் கத்தியோ உப்புத்தாளோ படாமல், கரைப்பான் ஊற்றி மரத்துண்டால் தேய்த்துச் சுத்தம் செய்து, சீலண்டை மெல்லிய படலமாக மட்டும் தடவுங்கள். பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு எண்ணெய் வழியை அடைத்துவிடக்கூடும்.

பிளாக், பிஸ்டன், ஹெட்

முதலில் பிஸ்டனை வாங்குங்கள், பிறகு போர் போடக் கொடுங்கள். ஒரே அளவு எனப் பொறித்த இரண்டு பிஸ்டன்கள்கூட நூற்றில் இரண்டு மூன்று பங்கு மில்லிமீட்டர் வேறுபடலாம் என்பதால், கையில் உள்ள பிஸ்டனுக்குத்தான் பிளாக்கைப் பொருத்த வேண்டும். சாலையில் ஓடும் வண்டிக்குச் சொல்லப்படும் மிக இறுக்கமான இடைவெளி தடத்தில் உதவாது. காற்றால் மட்டும் குளிரும் இந்த பிளாக்குக்கு, வார்ப்புப் பிஸ்டன் என்றால் 0.05 மி.மீ.-ஐ ஒட்டிய இடைவெளியை நான் வைக்கிறேன். குளிர்ந்த நிலையில் கொஞ்சம் கலகலவென்று சத்தம் வரும், வரட்டும். போர்ஜ்டு பிஸ்டன் இன்னும் அதிகம் விரியும் என்பதால் அதன் தயாரிப்பாளர் சொல்லும் அளவையே பின்பற்றுங்கள்.

போர் போட்டு ஹானிங் (உட்சுவரைக் கல்லால் தேய்த்தல்) முடிந்து வரும் பிளாக்கில் பட்டறைகள் அடிக்கடி விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. சைலன்சர் வழி, கலவை கீழிருந்து மேலே ஏறும் டிரான்ஸ்பர் வழிகள் ஆகியவற்றின் விளிம்புகள் கத்திபோல் கூர்மையாக இருக்கும். ரிங் அதில் மாட்டினால் உடையும். மென்மையான உப்புத்தாளாலோ சிறு கல்லாலோ அந்த விளிம்புகளைச் சாய்த்து மழுக்கிவிட்டு, வெந்நீரும் சோப்பும் கொண்டு, வெள்ளைத் துணியில் கறுப்பு படாத வரை பிளாக்கைக் கழுவுங்கள். பெட்ரோலில் கழுவினால் ஹானிங் துகள் போகாது. காய்ந்தவுடன் டூ-டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்) தடவிவிட வேண்டும். இல்லையேல் அரைமணி நேரத்தில் துரு பூக்கும்.

ரிங்கை பிளாக்கினுள் நேராக வைத்து ஃபீலர் கேஜால் வாய் இடைவெளியை அளந்து, 0.2 முதல் 0.35 மி.மீ.-க்குள் இருப்பதை உறுதிசெய்யுங்கள். பிஸ்டனின் அம்புக்குறி சைலன்சர் பக்கம் நோக்க வேண்டும். சர்க்ளிப்பின் வாய் மேலே அல்லது கீழே நோக்க வேண்டும். பக்கவாட்டில் நோக்கினால், பிஸ்டன் ஒவ்வொரு முறை திசைமாறும்போதும் அது தளர்ந்து வெளியேறப் பார்க்கும். பிஸ்டனைப் பொருத்தும்போது கிராங்க் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். உள்ளே விழுந்த சர்க்ளிப்பைத் தேடி மறுபடி இன்ஜினைப் பிரித்த மெக்கானிக்குகள் அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை.

பிறகு ஸ்குவிஷ் இடைவெளி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டின் விளிம்புக்கும் இடையிலுள்ள இந்தச் சந்து, கலவையை நடுவில் உள்ள பிளக்கை நோக்கித் தள்ளுகிறது. சந்து அகன்றால் அங்கே தங்கும் கலவை தானாகப் பற்றி வெடிப்புத் தட்டலை உண்டாக்கும். மிகக் குறுகினால் பிஸ்டன் ஹெட்டைத் தொடும். சால்டரிங் ஈயக் கம்பியைப் பிஸ்டன் பின் (ஊசி) கிடக்கும் திசையில் இரண்டு பக்கமும் வைத்து, ஹெட்டை முறுக்கி, கிராங்க்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளந்தால் விடை கிடைக்கும். இந்த அளவு இன்ஜினுக்கு 0.9 முதல் 1.0 மி.மீ. வரை நம்பகமான எல்லை. அகன்றிருந்தால் பிளாக்கின் அடி கேஸ்கெட்டை மாற்றுவதை விட ஹெட்டை லேத்தில் சீவுவதே சரி, ஏனெனில் பிளாக் இறங்கினால் எல்லா வழிகளின் திறப்பு நேரமும் சேர்ந்து மாறிவிடும்.

சைலன்சர் வழியைப் பெரிதாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அகலத்தைப் பொறுத்தவரை, நடுவில் பாலம் இல்லாத வழி, போரின் 65 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் ரிங் பிழைக்கும். அதாவது 50 மி.மீ. போரில் 32.5 மி.மீ. உயரத்தைக் கூட்டினால் சக்தி மேல் சுற்றுகளுக்கு நகரும், கீழே இன்ஜின் செத்துப்போகும். நான்கே கியர் உள்ள பெட்டியில், ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள இடைவெளியை அந்தக் குறுகிய சக்தி எல்லையால் நிரப்ப முடியாது. முதல் பருவத்திற்கு வழிகளைத் தொடாமல் விடுங்கள் என்பதே என் கருத்து. 9,000 சுற்றிலேயே பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15 மீட்டர். அது போதும்.

கசிவுப் பரிசோதனை

இன்ஜின் சேர்ந்துவிட்டது, ஆனால் இந்தப் பரிசோதனைக்கு முன் அதைக் கிக் செய்யக் கூடாது. சைலன்சர் வாயையும் கார்ப்பரேட்டர் வாயையும் ரப்பர் தக்கையாலோ, ரப்பர் வைத்த தகட்டாலோ அடைத்து, பிளக் துளை வழியே கைப்பம்பால் 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றுங்கள். ஆறு நிமிடங்களுக்குப் பிறகும் மானி அசையாமல் இருந்தால் மகிழ்ச்சி. நிமிடத்திற்கு 1 பி.எஸ்.ஐ.-க்கு மேல் இறங்கினால் சோப்பு நுரையைத் தடவித் தேட வேண்டும். மேக்னட் பின்புறம், ரீட் பிளாக் (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வு) கேஸ்கெட், ஹெட் விளிம்பு, கேஸ் இணைப்பு என்ற வரிசையில் தேடுங்கள். வலப்புறச் சீல் கசிந்தால் கியர்பாக்ஸின் மூச்சுக் குழாயில் குமிழி வரும். 10 பி.எஸ்.ஐ.-க்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும்.

ரீட் வால்வின் இதழ்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, விளிம்பில் சிறு பிசிறு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ஆயில் பம்பும் பெட்ரோலும்

ஆர்எக்ஸின் தானியங்கி ஆயில் பம்பு சாலையில் சிறப்பாக வேலை செய்தது. தடத்திற்கு அதைக் கழற்றி, துளைகளை அடைத்து, பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவதே பாதுகாப்பு: பம்பின் குழாயில் புகும் ஒரு காற்றுக்குமிழி போதும், பிஸ்டன் போய்விடும். 32-க்கு 1 என்ற விகிதத்தில் 5 லிட்டருக்கு 156 மி.லி. எண்ணெய். ஜாஸோ எஃப்.டி. தரமுள்ள செயற்கை எண்ணெய் போதுமானது. ஆமணக்கு எண்ணெய் அடிப்படையிலான பந்தய எண்ணெயின் மணத்துக்கு இன்றும் அடிமைகள் உண்டு, நானும் ஒருவன், ஆனால் அது ரிங் பள்ளத்தில் பிசினாகப் படிவதால் அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்யத் தயாராக இருப்பவர்களுக்கே உரியது. பயத்தில் எண்ணெயைக் கூட்டினால், அதே ஜெட் (கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) வழியாகப் போகும் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை மெலியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. எத்தனால் தன்னுள் ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருள் தேவை. 1985-ஆம் ஆண்டின் பெட்ரோலுக்காக வைத்த ஜெட் இன்று மெலிந்த கலவையைத் தரும். அது நீரையும் ஈர்க்கும், பழைய ரப்பரை ஊதச் செய்யும். ஆகவே பெட்ரோல் குழாய், மிதவை அறையின் ஓ-ரிங் ஆகியவற்றைப் புதிதாக்கி, ஒவ்வொரு நாளின் முடிவிலும் டேங்க்கையும் கார்ப்பரேட்டரையும் காலிசெய்துவிடுங்கள்.

ஜெட் அமைத்தல்

மெயின் ஜெட் ஆக்சிலரேட்டரின் முக்கால் திருப்பிலிருந்து முழுத் திருப்பு வரையும், ஊசி கால் முதல் முக்கால் வரையும், ஸ்லோ ஜெட் அதற்குக் கீழும் ஆளும். எப்போதும் மெயின் ஜெட்டிலிருந்து தொடங்கி, தேவைக்கு மிகப் பெரிய ஜெட்டைப் போட்டு, வண்டி கரகரவென்று திணறும் நிலையிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்குங்கள். சிறியதிலிருந்து ஏறுபவர் வழியில் ஒரு பிஸ்டனை இழப்பார். நேர்ப்பாதையில் முழுத் திருப்பில் ஓட்டி, அப்படியே கிளட்ச்சைப் பிடித்து, கில் சுவிட்சை அணைத்து, உருண்டு நின்று, புதுப் பிளக்கைக் கழற்றிப் பீங்கானின் அடிவேரைப் பாருங்கள். அங்கே மெல்லிய காப்பிப் பழுப்பு வளையம் தெரிய வேண்டும். வெளுத்திருந்தால் ஜெட்டை இரண்டு படி ஏற்றுங்கள். பிளக் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும்: என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்தது (சூட்டை விரைவாக வெளியேற்றுவது), போஷ் பிளக்கில் எண் குறைந்தால் குளிர்ந்தது. தடத்திற்கு வழக்கத்தை விட ஒரு படி குளிர்ந்தது போதும்.

வெப்பநிலையை மறந்துவிடாதீர்கள். இருங்காட்டுக்கோட்டையில் 38 பாகை மதிய வெயிலில் கச்சிதமாக அமைத்த ஜெட், மறுநாள் காலை 24 பாகையில் ஆபத்தானது. காலைக் காற்று ஏறக்குறைய ஐந்து விழுக்காடு கூடுதல் அடர்த்தியானது, பெட்ரோலோ அதே அளவுதான் வரும். அதே ஜெட்டோடு கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரமுள்ள கோவைக்குப் போனால் எதிர்மாறாகக் கலவை கனத்துப்போகும். அதனால் வண்டி மந்தமாகுமே தவிர உடையாது.

சைலன்சர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: உள்குழலை உருவிவிட்டு ஓட்டுவது சத்தத்தைத்தான் கூட்டும். டூ-ஸ்ட்ரோக் சைலன்சர், வெளியே நழுவிய புதுக் கலவையை அழுத்த அலையால் பிளாக்கினுள் திரும்பத் தள்ளும் கருவி. அதனுள் இருக்கும் கூம்புகளின் நீளத்தை இன்ஜினின் சுற்று வேகத்துக்கு ஏற்பக் கணக்கிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

சேசிஸ், பிரேக், பரிசோதகர் பார்ப்பவை

பெயின்ட்டை உரித்து, ஸ்டியரிங் தலைப்பகுதி, இன்ஜின் தாங்கிகள், ஸ்விங்ஆர்ம் பின் ஆகிய இடங்களில் விரிசலைத் தேடுங்கள். கோன் செட்டும் (ஸ்டியரிங் பேரிங்) ஸ்விங்ஆர்ம் புஷ்ஷும் புதிதானாலே வண்டி பாதி திருந்திவிடும். முன் டிரம்மை லேத்தில் வட்டமாக்கி, ஷூவை அந்த வளைவுக்கு ஏற்பத் தேய்த்துப் பொருத்தினால், 100 கிலோ வண்டிக்கு டிரம் பிரேக் நம்பத்தக்கதே. ஆனால் ஐந்தாறு சுற்றுகளில் சூடேறி மங்கும் என்பதை அறிந்து ஓட்ட வேண்டும்.

கியர் எண்ணெய் வடிகால் போல்ட்டுக்கு லாக்வயர் (கழலாமல் கட்டும் கம்பி), மூச்சுக் குழாய்க்கும் கார்ப்பரேட்டர் வழிவுக்கும் சேகரிப்புப் புட்டி, கைவிட்டதும் தானாக மூடும் ஆக்சிலரேட்டர், உருண்டை முனை லீவர்கள், எளிதில் எட்டும் கில் சுவிட்ச் ஆகியவை இல்லாமல் தடத்திற்குப் போக வேண்டாம். உங்கள் எண்ணெயில் வழுக்கி விழப்போவது பின்னால் வருபவர்.

முதல் ஓட்டம்

பத்து நிமிடம் மிதமாக ஓட்டி, தொடும் அளவுக்குக் குளிரவிட்டு, மறுபடி சற்றே வேகமாக ஓட்டி, மீண்டும் குளிரவிடுங்கள். இப்படி மூன்று முறை ஆனபின், இன்ஜின் முழுதும் குளிர்ந்த நிலையில் ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு மீண்டும் முறுக்குங்கள். தடத்தில் நேர்ப்பாதை முடிந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடும்போது, இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, எண்ணெய் கலந்த பெட்ரோலோ வருவதில்லை. அந்த இடத்தில் கிளட்ச்சைத் தொட்டு ஒருமுறை லேசாகத் திருப்பிவிடும் பழக்கம் பிஸ்டனுக்கு ஒரு வாய் எண்ணெய் கொடுக்கும்.

முதல் நாள் முடிந்ததும் சைலன்சரைக் கழற்றி அந்த வழியே பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் உரசல் இல்லை, ரிங் விரலால் அழுத்தினால் துள்ளுகிறது என்றால், தேதி, வெப்பநிலை, ஜெட் எண், ஓடிய நிமிடங்கள் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டு, கியர் எண்ணெயை மாற்றி, அடுத்த ஓட்டத்திற்கு வண்டியை மூடிவையுங்கள். எட்டு மணி நேர ஓட்டம் சேர்ந்ததும் ரிங்கை மாற்றுவது என் வழக்கம்.